ஏழாம் வார்டின் எல்லை

"பொறக்காதவுகளுக்கு டீயா, காபியா?"

கரட்டுப்புதூர் ஊராட்சி மன்றக் கூட்டம் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். கேட்பவர் ஊராட்சிச் செயலர் சுல்தான். பதில் சொல்வது ஏழாவது நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்த்தி வைத்திருக்கும் ஒரு பெட்டி. பெரிய தேங்காய் அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு, பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண், பேசுவதற்குச் சல்லடை மாதிரி ஒரு வாய்.

"டீயே போதும்ணே. சக்கரை இல்லாம," என்றது பெட்டி.

சுல்தான் ஏழு உறுப்பினர்களுக்கும் தலைவருக்கும் டீ வைத்தார். கூட்டம் முடிந்ததும் ஏழாவது டம்ளர் டீயைக் குடிப்பது சுல்தான்தான். சர்க்கரை வியாதிக்காரர். அது பெட்டிக்குத் தெரியும். தெரியும் என்று அது ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

தலைவர் கோபிகா மேசையின் மறுமுனையில் இருந்தாள். அவள் பிறந்த காலத்தில் அந்தப் பெயர் புதுசு, நாகரிகம். இப்போது கோபிகா, வர்ஷினி, சர்வேஷ் என்றாலே ஆஸ்பத்திரியில் முழங்கால் வலிக்கு வரிசையில் நிற்பவர்களின் பெயர் என்று ஆகிவிட்டது.

அன்றைக்குக் கழிவுக் காப்பக ஆணையத்திலிருந்து அபூர்வா வந்திருந்தாள். படித்த பெண், பொறுமைசாலி. ஒரு வருஷமாக இந்த ஊருக்கு வந்து போய், வெயிலில் கறுத்து, இப்போது பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

"அடுத்த மாசம் ஓட்டெடுப்பு வச்சுக்கலாமா, மேடம்?"

"எப்ப வேணாலும் வையுங்க," என்றார் ஒன்றாம் வார்டு சர்வேஷ். "நான் சரின்னுதான் சொல்லுவேன். ரோடு வரும், தண்ணி வரும், பயலுகளுக்கு வேலை வரும். அந்தப் பாறைக் கரட்டால இன்னைக்கு வௌவாலுக்கு மட்டுந்தான் பிரயோசனம்."

"வௌவால் சிவனேன்னு தொங்குது. நீதான் ஆபீசரைப் புடிச்சுத் தொங்குற," என்றாள் நான்காம் வார்டு வர்ஷினி. கோபிகாவின் நாத்தனார். கோபிகாவின் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒரு தூண் மாதிரி நின்றவள். "என் வயலுக்கு அந்தாண்ட இருக்கு கரடு. அதுக்கடியில கொண்டாந்து வச்சுட்டா, நான் ஒவ்வொரு வாய் சோறு அள்ளும்போதும் நெனப்பு வராதா?"

"அரை கிலோமீட்டர் ஆழம்மா," என்றாள் அபூர்வா. "உடையாத பாறை. நீரோட்டம் இல்ல. இந்த நாட்டுல இந்த மாதிரி நல்ல பாறை நாலே நாலு இடத்துலதான் இருக்கு."

"நல்ல பாறைன்னா நல்லபடியா இருந்துட்டுப் போகட்டுமே."

"அணு உலையில எரிஞ்சு முடிஞ்ச கழிவை இப்ப கடலோரத்துல வச்சிருக்கோம். அது ஆறவே பல தலைமுறை ஆகும். கடலோ வருஷா வருஷம் மேல வருது. மணல்துறையில மதிலை மூணு தடவை ஒசத்தியாச்சு. நாலாவது தடவை ஒசத்த மண்ணே இல்ல."

மணல்துறை என்றதும் எல்லோர் கண்ணும் கோபிகாவிடம் போய்விட்டு, போகாதது மாதிரி திரும்பின. கோபிகாவின் ஒரே மகள் மிதுனாவைக் கட்டிக் கொடுத்திருப்பது அங்கேதான். அவளுக்கு வயிற்றில் இப்போது ஏழு மாசம்.

நாட்டின் சட்டம் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. எந்த அரசும் தானாக ஓர் இடத்தைக் குறித்து அங்கே கழிவைப் புதைத்துவிட முடியாது. அந்த ஊராட்சி மன்றம் கூடிச் சம்மதம் என்று தீர்மானம் போட வேண்டும். கூடவே இன்னொன்றும் வந்தது. அதுதான் இந்தப் பெட்டி. அது வந்த அன்றைக்கு, "இதென்ன ரேடியோவா?" என்று கேட்டது சர்வேஷ்தான்.

"இது உங்க ஏழாம் வார்டு உறுப்பினர் சார்," என்றாள் அபூர்வா. "இந்த ஊர்ல இனிமே பிறக்கப் போறவங்களுக்காகப் பேசும். அவங்களுக்குத்தானே இந்தக் கழிவு போய்ச் சேரும்? ஆனா இதுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம் நீங்கதான் ஊரைப் பழக்கிக் குடுக்கணும். அப்புறம் ஓட்டுப் போடும். போட்டதும் நாங்க திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம்."

"எதுக்குத் திருப்பி எடுக்கணும்?"

"இங்கயே இருந்தா ஆளாளுக்கு அதைக் கைக்குள்ள போட்டுக்குவாங்கன்னு விதி."

ஊர் பழக்கியது. கண்மாய் மடை திறக்கும்போது தூக்கிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததைப் பார்த்து, "நல்ல புள்ள" என்றார்கள். "நான் ஆம்பளையா, பொம்பளையா?" என்று ஒரு நாள் கேட்டபோது, "பொறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று வர்ஷினி சொல்லிவிட்டாள். புளியமர ஏலத்துக்கும் கூட்டிப்போனார்கள். ஏலம் எடுத்தவர் மூட்டை மூட்டையாய்ப் புளி ஏற்றுவதைப் பார்த்து, "மரத்தை எப்ப எடுத்துட்டுப் போவாரு?" என்று அது கேட்க, கூட்டமே சிரித்தது. "மரம் ஊருதுடா கண்ணு. காய் மட்டும் இந்த வருஷத்துக்கு அவருது," என்று சுல்தான் சொல்லிக் கொடுத்தார்.

இப்படி எல்லோரும் வளர்த்த பிள்ளை. ஆனால் ஓட்டு என்று வந்தபோது கணக்கு இழுபறி. ஆறு பேரில் மூவர் சரி, மூவர் வேண்டாம். ஏழாம் வார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெற்றி. அது யாருக்கும் பிடி கொடுக்கவில்லை.

"எங்க ஏழு எங்க பக்கந்தான்," என்று வர்ஷினி அன்றைய கூட்டத்திலும் அதன் தலையைத் தடவினாள். "பின்னால வாரவுகளுக்கு நஞ்சை வச்சுட்டுப் போங்கன்னு எந்தப் புள்ளையாச்சும் சொல்லுமா? என்னடி தங்கம்?"

"இன்னும் யோசிக்கிறேன் அத்தை."

கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். வர்ஷினி செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்றாள்.

"கோபிகா, ஒண்ணு கேக்கட்டா? ஏழு ஓட்டுப் போடாம விட்டுச்சுன்னா சரிபாதி ஆகும். அப்ப நீதான் போடணும். என்ன போடுவ?"

"அப்ப பாப்போம் மதினி."

"ஊர்ல என்ன பேச்சுத் தெரியுமா? மகளுக்காக ஊரை எழுதிக் குடுக்கப் போறான்னு."

"நீங்களும் அதைத்தான் நெனைக்கிறீகளா?"

"நான் நெனைக்கல. மிதுனா எனக்கும் மகதான். அவளையும் மாப்பிள்ளையையும் இங்க கூட்டியாந்து வச்சுக்க. அதை விட்டுட்டு அவ வீட்டு வாசல்ல கெடக்குற சனியனை எதுக்கு இங்க கூட்டியாரணும்?"

கோபிகா அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். தன் கைக்கு வந்தால் 'வேண்டாம்' என்றுதான் போடுவாள். மகளுக்காக ஊரை விற்றவள் என்ற பெயர் வேண்டாம். அப்படி முடிவு செய்த பிறகு மகளிடம் போனில் பேசும்போதெல்லாம் அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. ஏழாம் வார்டு ஏதாவது ஒரு பக்கம் கையைத் தூக்கித் தொலைத்துவிட்டால் தேவலையே என்று இருந்தது.

மிதுனாவின் வளைகாப்பு மணல்துறையில், மாப்பிள்ளை வீட்டில். வளையல் போட்டு முடித்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கரட்டுப்புதூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் கிளம்பினார்கள். வர்ஷினி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஏறினாள்.

"அக்கா, ஏழாம் வார்டு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு விதி," என்று சுல்தான் தயங்கினார்.

"விதியில வளைகாப்பைப் பத்தி என்னப்பா போட்டுருக்கு?"

சுல்தான் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் போடல."

"அப்ப வேனை எடு," என்றாள் வர்ஷினி டிரைவரிடம்.

மணல்துறையில் கடல் தெருவின் முனைக்கே வந்திருந்தது. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் படகுகள். வலப்பக்கம் உயரமான மதில், மதிலுக்கு மேலே ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம். மதிலின் அடி கறுப்பு, அதற்கு மேல் பழுப்பு, பிறகு சாம்பல், உச்சியில் வெள்ளை. ஒவ்வொரு முறை உயர்த்தியதும் ஒவ்வொரு நிறமாகத் தெரிந்தது.

மிதுனாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசி முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல்கள். கை கொள்ளாமல் அடுக்கினார்கள்.

"எதுக்கு இவ்வளவு வளையல்?" என்றது பெட்டி.

"இந்தச் சத்தம் வயித்துப் புள்ளைக்குக் கேக்கும்ல," என்றாள் மிதுனாவின் மாமியார் செலின். "வெளியில ஆளுக இருக்கோம், தைரியமா வான்னு சொல்றது."

"நான் பேசுறதும் கேக்குமா?"

"கேக்குமே. பேசு."

பெட்டியை மிதுனாவின் மடியில் வைத்தார்கள். அதற்குச் சட்டென்று பேச வரவில்லை. ஊரில் யார் வந்தாலும் வாய் ஓயாமல் கேள்வி கேட்கும் பெட்டி அது.

"வணக்கம்," என்றது கடைசியில். "நான் உங்க வார்டு மெம்பர்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மிதுனாவின் வளையல்கள் எல்லாம் குலுங்கின. "ஐயோ, உதைக்குதும்மா!" என்று மிதுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டுக் கேக்க வந்தவுகளை உள்ள இருந்தே வெரட்டுது."

செலின் ஒரு பச்சை வளையலை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குக் கையே இல்லியே சம்பந்தி?"

"தலையில வையுங்க."

பச்சை விளக்குக்கு மேலே பச்சை வளையல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பெட்டி பேசும்போதெல்லாம் வளையல் அதிர்ந்து, கூடவே மெல்லிசாய் ஒரு கிணுகிணுப்புச் சத்தம்.

"செலினம்மா, அந்த வெள்ளைக் கட்டடம் என்னது?"

செலின் சந்தனக் கிண்ணத்தைத் துடைத்தபடியே சொன்னாள்.

"அதுவா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க ஊருக்கு வந்த விருந்தாளி. ரெண்டு நாள்ல கெளம்பிருவேன்னு சொல்லிட்டு வந்துச்சாம். இன்னும் பெட்டியைக் கட்டல."

"பயமா இருக்காதா?"

"மழை நாள்ல மட்டும் இருக்கும். மத்த நாள்ல வேலை இருக்கும்." பிறகு கோபிகாவின் கையைப் பிடித்தாள். "சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லிருறேன். எங்களுக்காகன்னு நீங்க கையைத் தூக்காதீங்க. பொண்ணு குடுத்ததே பெருசு. அதுக்கு மேல கேட்டா நல்லா இருக்காது."

கெஞ்சியிருந்தால் கோபிகாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சாததைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது மிதுனா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெட்டி வர்ஷினியின் மடியில் கேட்டுக்கொண்டே வந்தது.

"அத்தை, மிதுனாக்கா வயித்துல இருக்குற புள்ள எந்த ஊரு?"

"மணல்துறைதான். அப்பன் ஊரு."

"பொறக்கப் போறது?"

"நம்ம ஊர்ல. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான்."

"எல்லாருக்கும் அப்படித்தானா? கட்டிக் குடுத்த எல்லாப் பொண்ணுகளும் மொதப் புள்ளைக்கு நம்ம ஊருக்கு வருவாகளா?"

"வராம? கூட்டியாரலைன்னா அம்மா வீட்டுக்கு என்ன மரியாதை?"

"அப்ப அந்தப் புள்ளைக எல்லாம் என் வார்டுதானே?"

வர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓட்டெடுப்பு அன்று மன்றத்தின் ஜன்னல் கம்பிகளில் ஊரே தொங்கியது. டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. வார்டு வரிசைப்படி கேட்டார் சுல்தான். எதிர்பார்த்த மாதிரியே மூன்று கைகள் சரி, மூன்று கைகள் வேண்டாம்.

"ஏழாம் வார்டு?"

"ஒண்ணு கேட்டுட்டுச் சொல்லட்டுமாண்ணே?" வளையல் அதிர்ந்தது. "அபூர்வாக்கா, எனக்கு எதுக்கு இந்த நாற்காலியைப் போட்டீக?"

"வருங்காலத் தலைமுறையையும் கேக்கணும்கிறதுக்காக."

"எரநூறு வருஷம் கழிச்சு இந்த ஊர்ல ஒரு புள்ள 'எங்களைக் கேக்காம ஏன் வச்சீங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

அபூர்வா கையிலிருந்த திரையை விட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டோமே, நீங்கதானே சரின்னீங்கன்னு என் ஓட்டைக் காட்டுவீக. நான் வேண்டாம்னு போட்டா, மணல்துறையில பொறக்குற புள்ள கேக்கும். அப்பவும் என்னையத்தான் காட்டுவீக. அவுக கேக்க வேண்டிய கேள்வியை அவுகளுக்காக நான் கேக்கலாம். அவுக பதிலை நான் சொல்லக் கூடாது. அது எனக்குத் தெரியாது. நான் இன்னும் அவுக யாரையும் பாத்ததே இல்ல."

சுல்தான் அதையும் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. என் வார்டுக்கு எல்லை கிழக்க கண்மாய், மேக்க கரடுன்னு எழுதியிருக்கீக. அது சரியில்ல. இந்த ஊர்ப் பொண்ணுகளை எங்கெங்க கட்டிக் குடுத்திருக்கோமோ அங்க வரைக்கும் என் வார்டு போகுது. மணல்துறையில மட்டும் எட்டுப் பேர் இருக்காக. அந்த வெள்ளைக் கட்டடம் என் வார்டுக்கு இனிமேதான் வரப்போறதுன்னு எல்லாரும் பேசுறீக. அது ஏற்கனவே என் வார்டுலதான் இருக்கு."

"அப்ப சரிங்கிறியா தம்பி?" என்று சர்வேஷ் முன்னால் சாய்ந்தார்.

"இல்லண்ணே. நான் ஓட்டுப் போடல."

வர்ஷினியின் முகம் சுருங்கியது. "மடியில வச்சு வளத்தேனேடி உன்னைய."

"அதனாலதான் அத்தை, உங்ககிட்டப் பொய்யா ஒரு பதில் சொல்ல முடியல."

சுல்தான் பேனாவை வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று. கோபிகா எழுந்தாள். 'வேண்டாம்' என்ற வார்த்தை ஒரு மாசமாக நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் ஊர் அவளை மெச்சும். அந்த மெச்சலுக்காகத்தான் அதை வைத்திருந்தாள் என்பது இப்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"என் மக மணல்துறையில இருக்கா," என்றாள். "அதை ஒளிச்சு வச்சுட்டு நான் பேசப் போறதில்ல. அவளுக்காகவான்னு கேட்டா, அவளுக்காகவுந்தான். ஆனா ஏழு சொன்னதையும் என்னால கேக்காத மாதிரி இருக்க முடியல. சுல்தான், நம்ம மன்றம் இதுவரைக்கும் எதையாச்சும் வித்திருக்கா?"

"இல்லக்கா. புளியமரம், கண்மாய் மீனு எல்லாம் குத்தகைதான்."

"அதே மாதிரி எழுதிக்க. வௌவால் கரட்டை இருபத்தோரு வருஷத்துக்கு விடுறோம். அது முடியறப்ப ஆணையத்துல இருந்து ஆளு வரணும். இந்த மேசையில உக்காந்து, அன்னைக்கு இருக்குற மன்றத்துக்கிட்ட மறுபடி கேக்கணும். உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டணும். எடுன்னு சொன்னா எடுக்குற மாதிரி இருக்கணும், குழி வாயை அடைச்சுப் பூசிரக் கூடாது."

அபூர்வா பதறிவிட்டாள். "மேடம், இது புளியமரம் இல்ல. பத்தாயிரம் வருஷம் இருக்கப் போறது."

"உள்ள இருக்குறது பத்தாயிரம் வருஷம் இருக்கட்டும்மா. எங்க சம்மதம் அம்புட்டு வருஷம் தாங்காது. சட்டத்துல சம்மதம்னு போட்டிருக்கு. எத்தனை வருஷத்துக்குன்னு போட்டிருக்கா?"

அபூர்வா கையிலிருந்த திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"போடல," என்றாள்.

"இந்த வார்த்தைக்கு நீங்க ஒத்துக்கிட்டா என் கை சரிக்கு. இல்லைன்னா வேண்டாமுக்கு."

"பத்தாயிரம் வருஷத்துக்கும் இப்படி வந்து வந்து கேக்கணுமா?"

"வாங்க. டீ தருவோம்."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். சர்வேஷ் அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். வர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, கோபிகாவைப் பார்க்காமலேயே வெளியே போனாள்.

"சரி, நான் மேலே பேசிப் பாக்குறேன்," என்று அபூர்வா பையை எடுத்தாள். பெட்டியின் பக்கம் கை நீட்டினாள். "இதை நான் இப்ப எடுத்துட்டுப் போகணும். விதி அப்படி."

"ஓட்டுப் போட்டதும்னுதானே விதி?" என்று சுல்தான் மெதுவாகக் கேட்டார். "அது இன்னும் போடவே இல்லியே."

அபூர்வாவின் கை பாதியில் நின்றது. அவள் பெட்டியைப் பார்த்தாள், சுல்தானைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "இதுக்கு முன்னாடி மூணு ஊர்ல இதே மாதிரி பெட்டியை வச்சோம். ரெண்டு ஊர்ல வேண்டாம்னு போட்டுது. ஒரு ஊர்ல சரின்னு போட்டுது, ஆனா தோண்டிப் பாத்தா பாறை சரியில்ல. எந்தப் பெட்டியும் ஓட்டுப் போடாம இருந்ததில்ல. அங்கெல்லாம் இதுக்கு ஓட்டைப் பத்தித்தான் ராத்திரி பகலா சொல்லிக் குடுத்தாங்க. வளைகாப்புக்கு யாரும் கூட்டிட்டுப் போகல."

மேலிடம் ஒத்துக்கொள்ள ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் வர்ஷினி கோபிகாவிடம் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் கோபிகா வீட்டு அடுப்பங்கரை வழியாக நேரே உள்ளே வந்தாள். கையில் பிரசவ லேகியம் கிண்டிய சட்டி.

"மதினி, வாங்க," என்றாள் கோபிகா.

"உன்கூட நான் பேசல. அவகூடப் பேச வந்தேன். மிதுனா, இதை மூணாம் நாள்ல இருந்து சாப்புடணும். கசக்குதுன்னு துப்புனேன்னு வையி, நடக்குறது வேற."

சொல்லிவிட்டு, கூடத்தில் இருந்த பெட்டியைத் தாண்டிப் போனவள் நின்றாள். தலையில் வளையல் கோணலாக இருந்தது. அதைச் சரி செய்தாள்.

"உன்கூடவும் நான் பேசல," என்றாள்.

"சரி அத்தை," என்றது அது.

குழந்தை பிறந்தது விடிந்து வெயில் ஏறிய பிறகு, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். பெண். மணல்துறையிலிருந்து செலினும் மாப்பிள்ளையும் வந்து சேர்வதற்குள் அழுது முடித்துத் தூங்கிவிட்டது. வர்ஷினி பேசாவிரதத்தை மறந்து, "கோபிகா, அப்படியே என் தம்பி மூக்குடீ!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்து என்ன பண்ண? பேசியது பேசியதுதான்.

சுல்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார்கள். சின்னக் கண் குழந்தையையே பார்த்தது.

"என்ன, வாயடைச்சுப் போச்சு?" என்றாள் மிதுனா.

"இவ்வளவு சின்னதா இருக்கும்னு யாருமே சொல்லலியே," என்றது அது.

வளையல் கிணுகிணுத்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைச் சுருக்கி, தலையை மெல்ல, மெல்ல, சத்தம் வந்த பக்கம் திருப்பியது.

"பாத்தீகளா!" என்று வர்ஷினி வாயில் கை வைத்தாள். "மெம்பரைத் தெரியுது."

"நான் இவளுக்கு இப்ப மெம்பர் இல்ல அத்தை. என் வார்டுல ஒருத்தர் கொறைஞ்சுட்டாக. இவ இனிமே தலைவரம்மா வீடு இருக்குற மூணாம் வார்டு."

"மூணாம் வார்டா? நல்லா இருக்கே கதை," என்று செலின் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். "எங்க ஊரு ஒண்ணாம் வார்டு!"

சண்டை அங்கே தொடங்கியது. பெயர், ரேஷன் அட்டை, காதுகுத்து என்று அது எங்கெங்கோ போனது. மாப்பிள்ளை சண்டையைத் தீர்க்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கோபிகா அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏழு, ஒண்ணு கேக்கணும். ஓட்டுப் போட்டா உன்னைய எடுத்துட்டுப் போயிருவாகன்னு உனக்குத் தெரியும்ல?"

"மொத நாளே தெரியும்."

"அன்னைக்கு நீ சொன்ன நியாயமெல்லாம் நியாயந்தான். நான் அதைக் கேக்கல. போகாம இங்கயே இருக்கணும்னுதான் ஓட்டுப் போடாம விட்டியா?"

பச்சை விளக்கு கொஞ்சம் மங்கி, மறுபடி தெளிந்தது.

"அதுக்காகவுந்தான், தலைவரம்மா," என்றது அது. "வயித்துல இருந்து உதைச்சாள்ல. மூஞ்சியைப் பாக்கணும்னு இருந்துச்சு."

கோபிகா அதன் தலையில் கை வைத்தாள். வளையலுக்கு அடியில் லேசான சூடு. யாரிடமும் அவள் இதைச் சொல்லப் போவதில்லை. அவளும் அன்றைக்கு மன்றத்தில் 'அவளுக்காகவுந்தான்' என்று சொல்லிவிட்டுத்தானே கையைத் தூக்கினாள்.

குழந்தை சிணுங்கியது. "ஏதாச்சும் பேசு, உன் குரலுக்குத்தான் திரும்புறா," என்றாள் கோபிகா.

"வேண்டாம்மா. இத்தனை நாளா நான் பேசினேன், அவ கேட்டா. இருபத்தோரு வருஷத்துல ஆணையத்து ஆபீசர் வந்து கேக்கப் போறாக. இப்ப இருந்தே அவ பேசட்டும்."

குழந்தை வாயைத் திறந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி வீறிட்டது. சண்டை நின்றது. எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள்.

"கேட்டாச்சு," என்றது ஏழாம் வார்டு.

சுல்தான் டீ வாங்கி வந்திருந்தார். ஆளுக்கொன்று கொடுத்து, பெட்டிக்கு முன்னால் ஒன்று வைத்து, கையில் ஒரு டம்ளர் மிச்சம் இருக்க, குழந்தையைப் பார்த்துக் கேட்டார்:

"பொறந்தவுகளுக்கு?"